காக்கை சொன்ன சாட்சி

எங்கள் ஊர்ச் சிவன் கோவில் கோபுரத்தின் இரண்டாவது நிலையில் ஒரு ஜோடிக் கூகை குடியிருந்தது. பாட்டிக்கு அதன் பெயரைச் சொல்லவே பயம். "அது கத்துகிறது" என்பாள். கோபம் வந்தால் "சாக்குருவி" என்பாள். இருட்டில் அது கிறீச்சிட்டுக்கொண்டு கூரைக்கு மேலே பறந்து போனால், தூங்குகிற குழந்தைகளையெல்லாம் ஒரு முறை எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் மறுபடி படுப்பாள்.

எனக்குப் பத்து வயது இருக்கும். ஒரு நாள் மத்தியானம் பள்ளிக்கூடம் விட்டுக் குளத்தங்கரை வழியாக வந்துகொண்டிருந்தோம். கோவில் மதிலோரத்தில் காக்கைகளின் இரைச்சல் காதைத் துளைத்தது. நாற்பது ஐம்பது காக்கைகள் இருக்கும். நடுவில், உடைந்த செங்கல் இடுக்கில், அந்தக் கூகைகளில் ஒன்று ஒண்டிக்கொண்டிருந்தது. எப்படியோ பகலில் வெளியே வந்து மாட்டிக்கொண்டுவிட்டது. வெற்றிலையை வெட்டி ஒட்டினாற்போல் வெள்ளை முகம். அதில் இரண்டு கறுப்புக் கண்கள். ஒவ்வொரு காக்கையாகப் பாய்ந்து வந்து கொத்திவிட்டுப் போயிற்று. நாங்கள் என்ன செய்தோம் தெரியுமா? காக்கைகளை விரட்டவில்லை. ஆளுக்கு ஒரு கல் எடுத்தோம்.

அந்த வாரந்தான் வாத்தியார் எங்களுக்குத் திருக்குறளில் 'காலமறிதல்' அதிகாரம் நடத்தியிருந்தார். அதிகாரத்தின் முதல் குறளிலேயே கூகையைக் காக்கை பகலில் வென்றுவிடுகிறது. குறளைப் பிரத்தியட்சமாகப் பார்க்கிற குஷியில் நாங்கள் காக்கையின் கட்சியில் சேர்ந்துகொண்டோம். சாயங்காலம் கூகை செத்துக் கிடந்தது. அதைக் கொன்றது என் கல்லா, வேறு பையன் எறிந்த கல்லா, காக்கையின் அலகா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. பாட்டி, "பீடை ஒழிந்தது" என்றாள்.

பிற்காலத்தில் பழைய புத்தகங்களைப் புரட்டுகிறபோதெல்லாம் அந்த மதிலோரம் எனக்கு ஞாபகம் வரும். நாங்கள் அன்றைக்கு எடுத்த கட்சியைத்தான் மனித ஜாதி ஆயிரக்கணக்கான வருஷங்களாக எடுத்துக்கொண்டு வந்திருக்கிறது. ஆந்தையின் மேல் நாம் தொடுத்த வழக்கில் சாட்சிக் கூண்டில் ஏறியது பெரும்பாலும் காக்கைதான். நாமும் காக்கையைப் போலப் பகலில் விழித்து இரவில் உறங்குகிற பிராணிகள் அல்லவா?

காக்கையின் சாட்சியத்தை முதலில் கேட்போம். அது பௌத்த ஜாதகக் கதைகளில் பதிவாகியிருக்கிறது. 'உலூக ஜாதகம்' என்று பெயர், வரிசையில் 270-ஆவது. உலூகம் என்றால் ஆந்தை. உலகம் தோன்றிய காலத்தில் மனிதர்கள் தங்களுக்கு ஓர் அரசனைத் தேர்ந்துகொண்டார்கள். மிருகங்கள் சிங்கத்தைத் தேர்ந்துகொண்டன. மீன்களுக்கும் ஒரு ராஜா கிடைத்தது. பறவைகளுக்கு மட்டும் இல்லை. இமயமலையில் கூடி, ஆந்தையை ராஜாவாக்குவது என்று தீர்மானம் செய்தன. தீர்மானத்தை மூன்று தரம் சபையில் அறிவிக்க வேண்டும் என்பது முறை. இரண்டு தரம் அறிவித்தாயிற்று. மூன்றாம் தரத்துக்குள் ஒரு காக்கை எழுந்தது. பட்டம் சூட்டுகிற சந்தோஷமான வேளையிலேயே இவருடைய முகம் இப்படி இருக்கிறதே, இவருக்குக் கோபம் வந்தால் எப்படி இருக்கும் என்று கேட்டது. எனக்குச் சம்மதமில்லை என்று கத்திக்கொண்டே ஆகாயத்தில் பறந்தது. ஆந்தை அதைத் துரத்திக்கொண்டு போயிற்று. சபை அன்னத்தை ராஜாவாக்கிவிட்டுக் கலைந்தது. அன்று முதல் இரண்டுக்கும் பகை.

இந்தக் கதையை நான் எத்தனையோ முறை படித்திருக்கிறேன். ஒவ்வொரு முறையும் சிரிப்பு வருகிறது; சிரித்த பிறகு கொஞ்சம் கூச்சமாகவும் இருக்கிறது. ஆந்தை பொய் சொல்லிற்று, திருடிற்று, கொன்றது என்று யாரும் சொல்லவில்லை. முகம் சரியில்லை என்பதுதான் குற்றச்சாட்டு. உத்தியோகத்துக்கும் கல்யாணத்துக்கும் ஆள் பார்க்கப் போகிறவர்கள் இன்றும் சொல்கிற காரணந்தான்.

பஞ்சதந்திரத்தில் இந்தப் பகை யுத்தமாக முற்றிவிடுகிறது. சம்ஸ்கிருதத்தில் அதன் மூன்றாவது தந்திரத்துக்குக் 'காகோலூகீயம்' என்று பெயர். காக்கையும் ஆந்தையும் பற்றியது என்று அர்த்தம். மேகவர்ணன் காக்கைகளின் ராஜா. அரிமர்த்தனன் ஆந்தைகளின் ராஜா. இரவு நேரங்களில் ஆந்தைகள் வந்து ஆலமரத்துக் காக்கைகளைக் கொன்று குவிக்கின்றன. கிழ மந்திரி ஸ்திரஜீவி ஒரு யோசனை சொல்கிறான். அவனுடைய இறகைப் பிய்த்து, ரத்தத்தைப் பூசி, மரத்தடியில் எறிந்துவிட்டுக் காக்கைகள் போய்விடுகின்றன. ஆந்தைகள் வருகின்றன. என் ராஜா என்னை இந்தக் கதிக்கு ஆளாக்கிவிட்டான், உங்களிடம் அடைக்கலம் என்கிறான் கிழவன். ஆந்தை மந்திரிகளில் ரக்தாட்சன் ஒருவன் மட்டும், இவனை நம்பாதே, உடனே கொன்றுவிடு என்கிறான். மற்ற மந்திரிகள், அடைக்கலம் என்று வந்தவனைக் கொல்வது பாவம் என்கிறார்கள். ராஜா அவர்கள் பேச்சைக் கேட்கிறான். ரக்தாட்சன் தன்னுடைய ஆட்களைக் கூட்டிக்கொண்டு வெளியேறிவிடுகிறான். ஸ்திரஜீவி ஆந்தைகளின் குகை வாசலில் கூடு கட்டுவதுபோலத் தினம் ஒரு சுள்ளியாகச் சேர்க்கிறான். ஒரு நாள் பட்டப்பகலில் காக்கைகள் ஆளுக்கொரு கொள்ளிக்கட்டையோடு வருகின்றன. குகைக்குள் ஆந்தைகள் கூண்டோடு மாண்டுபோகின்றன.

கதையை ஆற அமர நினைத்துப் பாருங்கள். அடைக்கலம் கொடுத்தவர்கள் ஆந்தைகள். சோறு போட்ட வீட்டுக்குத் தீ வைத்தவை காக்கைகள். ஆனாலும் குழந்தைகளுக்கு இதைச் சொல்லும்போது நாம் காக்கையின் சாமர்த்தியத்தைத்தான் மெச்சிச் சொல்கிறோம். ராஜநீதி நூல் என்பதால் நூலாசிரியர் ஆந்தைகளின் ஏமாளித்தனத்தைக் காட்ட விரும்பினார்; அது அவர் தொழில். நமக்கு என்ன வந்தது?

கதை நம் தேசத்தோடு நிற்கவில்லை. ஆறாம் நூற்றாண்டில் பாரசீகத்தை ஆண்ட குஸ்ரூ அனுஷிர்வானின் சபையிலிருந்த புர்ஸோய் என்ற வைத்தியர் பஞ்சதந்திரத்தைப் பஹ்லவி மொழிக்குக் கொண்டு போனார். எட்டாம் நூற்றாண்டில் இப்னு அல்முகப்பா அதை அரபியில் 'கலீலா வ திம்னா' ஆக்கினார். அங்கிருந்து ஐரோப்பிய மொழிகளுக்குப் பரவிற்று. பிற்காலத்து அரபு, பாரசீகச் சித்திரப் பிரதிகளில் காக்கைகள் குகை வாசலில் தீயைச் சிறகால் விசிறுகிற காட்சியைக் காணலாம். தமிழில் தாண்டவராய முதலியார் மராத்தியிலிருந்து மொழிபெயர்த்த பஞ்சதந்திரம் 1826-இல் அச்சாயிற்று. அதில் இந்தப் பகுதிக்குச் 'சந்தி விக்கிரகம்' என்று பெயர். தமிழ்நாட்டுப் பிள்ளைகள் பல தலைமுறை அதைப் படித்து வளர்ந்தார்கள்.

காக்கைக்கும் ஆந்தைக்கும் பகை என்பது வெறும் கற்பனை இல்லை. நிரந்தர விரோதிகளைச் சேர்த்துச் சொல்லும்போது வரும் சமாசத்துக்கென்று பாணினி இலக்கணத்தில் ஒரு தனிச் சூத்திரமே இருக்கிறது. அதற்குக் காட்டும் உதாரணங்களில் காக்கையும் ஆந்தையும் ஒரு ஜோடி. கிரேக்க தேசத்து அரிஸ்டாட்டிலும் இதையே எழுதியிருக்கிறார். நடுப்பகலில் காக்கை ஆந்தையின் முட்டையைத் தின்கிறது, இரவில் ஆந்தை காக்கையின் முட்டையைத் தின்கிறது என்கிறார். பகலில் சிறு பறவைகள் ஆந்தையைச் சூழ்ந்துகொள்ளும் என்றும், வேடர்கள் ஆந்தையையே கட்டிவைத்து மற்றப் பறவைகளைப் பிடிப்பார்கள் என்றும் சொல்கிறார். நான் சிறு வயதில் கண்ட கூட்டம் எப்படிக் கூடிற்று என்பதற்கு இன்றைய பறவை நூலார் சொல்கிற காரணமும் இதுதான். இரவில் தூக்கத்தில் வந்து பிடிக்கிற எதிரியைப் பகலில் கண்டால் கூட்டமாகக் கத்தி அந்த இடத்தைவிட்டே விரட்டிவிட வேண்டும். காக்கை அதைச் செய்வதில் நியாயம் உண்டு. அதன் குஞ்சுக்கு ஆபத்து. எங்கள் குஞ்சுக்கு என்ன ஆபத்து வந்தது?

வள்ளுவர் மட்டும் இந்த வழக்கில் ஒரு பக்கமும் சாயவில்லை என்று இப்போது தோன்றுகிறது. அவருக்கு வேண்டியது காலம். கூகை காக்கையைவிட வலியது என்பது அந்தக் குறளுக்கு ஆதாரம். பரிமேலழகர் அதை எடுத்தே சொல்கிறார். வலியதையும் நேரம் பார்த்தால் எளியது வென்றுவிடும் என்பது பாடம். கல்லெறியச் சொல்லி அவர் எங்கேயும் சொல்லவில்லை.

நேரம் மாறினால் என்ன ஆகும் என்று மகாபாரதம் காட்டுகிறது. பதினெட்டாம் நாள் யுத்தம் முடிந்தாயிற்று. துரியோதனன் தொடை முறிந்து கிடக்கிறான். அசுவத்தாமனும் கிருபரும் கிருதவர்மனும் காட்டில் ஓர் ஆலமரத்தடியில் ஒதுங்குகிறார்கள். மற்ற இருவரும் உறங்கிவிடுகிறார்கள். அசுவத்தாமனுக்குத் தூக்கம் வரவில்லை. கிளைகளில் ஆயிரக்கணக்கான காக்கைகள் உறங்குகின்றன. ஒரு பெரிய ஆந்தை ஓசைப்படாமல் வருகிறது. தூங்குகிற காக்கைகளைக் கொன்று தள்ளுகிறது. அசுவத்தாமன் அதைப் பார்த்துக்கொண்டே இருக்கிறான். பிறகு எழுந்து போய், பாசறையில் உறங்கிக்கொண்டிருந்த திருஷ்டத்யும்னனையும் சிகண்டியையும் திரௌபதியின் ஐந்து பிள்ளைகளையும் கொன்றான். ஆந்தை பசிக்குக் கொன்றது. இவன் பார்த்துக் கற்றுக்கொண்டு கொன்றான். பழி என்னவோ இரண்டு பேர் மேலும் விழுந்தது. அதே பாரதத்தில் சகுனியின் மகனுக்கு உலூகன் என்று பெயர் இருப்பதையும் கவனியுங்கள். ஆனால் அணுவைப் பற்றி ஆராய்ந்த வைசேஷிக தரிசனத்தின் ஆசிரியர் கணாதருக்கும் உலூகர் என்று ஒரு பெயர் உண்டு. அவருடைய தரிசனத்துக்கே ஔலூக்கியம் என்று பெயர். பகலெல்லாம் தியானத்தில் இருந்துவிட்டு இரவில்தான் ஆகாரம் தேடிப் போவார், அதனால் அந்தப் பெயர் என்று ஓர் ஐதிகம்.

சகுனக் கதைக்கு வருவோம். ரிக் வேதத்தின் பத்தாவது மண்டலத்தில் ஒரு சூக்தம், ஆந்தை கத்துவது பலிக்காமல் போகட்டும் என்று வேண்டுகிறது. ரோமாபுரியில் இந்தப் பயம் அரசாங்க விஷயமாகவே இருந்தது. கி.பி. 43-இல் ஒரு கோட்டான் காபிடோல் குன்றிலிருந்த கோவிலின் உள் மண்டபத்துக்குள்ளேயே நுழைந்துவிட்டது. நகரம் முழுவதற்கும் புண்ணியாகவாசனம்போல ஒரு சுத்திச் சடங்கு நடந்தது. இதை எழுதிய பிளினி, கோட்டான் சாவுப் பறவை என்றும் எழுதுகிறார். எழுதிவிட்டு, அது பல வீடுகளின் மேல் உட்கார்ந்தும் அங்கே ஒரு சாவும் விழாததைத் தாம் அறிவதாகவும் சேர்த்துக்கொள்கிறார். இந்த ஒரு வாக்கியத்துக்காகவே பிளினியின் மேல் எனக்கு மதிப்பு. எங்கள் தெருவிலும் அப்படித்தான். பாட்டி பயந்து எண்ணிய குழந்தைகள் எல்லோரும் பேரன் பேத்தி எடுத்தார்கள். ஆனால் அதை யாரும் கணக்கில் வைக்கவில்லை. அது கத்தி நாலு நாள் கழித்துக் கோடிவீட்டுத் தாத்தா தொண்ணூறு வயதில் காலமானதைத்தான் கணக்கில் வைத்தார்கள்.

நம்முடைய ஆந்தை சாஸ்திரம் அவ்வளவு மோசமும் இல்லை. ஒரு தரம் கத்தினால் சாவு; இரண்டு தரம் கத்தினால் நினைத்த காரியம் கைகூடும்; மேலே போகப்போக வேறு வேறு பலன் என்று அது சொல்கிறது. ஆனால் முதல் குரலிலேயே காதைப் பொத்திக்கொள்கிறவர்கள் இரண்டாவதை எப்படி எண்ணுவார்கள்?

இனி, ஆந்தைக்கு மரியாதை கிடைத்த ஊருக்குப் போவோம். ஏதன்ஸ் நகரத்தின் காவல் தெய்வம் அதீனா. அறிவுக்கும் போருக்கும் அவள்தான் அதிபதி. அவளுடைய பறவை சிறிய ஆந்தை. அக்ரோபோலிஸ் பாறை இடுக்குகளில் அந்த ஆந்தைகள் நிறைய வசித்தன. பறவை நூலார் பிற்காலத்தில் அந்த இனத்துக்கு அதீனாவின் பெயரையே வைத்தார்கள். நம் ஊர்ப் புளியமரப் பொந்தில் உட்கார்ந்து தலையை மேலும் கீழும் ஆட்டுகிற புள்ளி ஆந்தையும் அதே இனந்தான். அதன் சாஸ்திரப் பெயர் 'அதீனே பிராமா'. கிரேக்க தேவியின் பெயரோடு நம் ஊர்ப் புளியமரத்தில் உட்கார்ந்திருக்கிறது, நாம் கல்லெறிகிறோம்.

கி.மு. 480-இல் பாரசீகக் கடற்படை வந்தபோது, தெமிஸ்டோக்ளிஸ் கப்பலில் நின்று பேசிக்கொண்டிருக்கையில் ஓர் ஆந்தை வலப்பக்கமாகப் பறந்து வந்து பாய்மரக் கயிற்றில் உட்கார்ந்ததாம். அதற்குப் பிறகுதான் மற்றவர்கள் போருக்குச் சம்மதித்தார்கள் என்று ஒரு கதையைப் புளூடார்க் எழுதிவைத்திருக்கிறார். ஆந்தை ஏதன்ஸின் வெள்ளி நாணயத்தில் ஏறிக்கொண்டது. ஒரு பக்கம் அதீனாவின் தலை. மறு பக்கம் உடம்பைப் பக்கவாட்டில் வைத்து முகத்தை நேரே நம்மைப் பார்த்துத் திருப்பிய ஆந்தை, ஓர் ஒலிவக் கொழுந்து. நாலு திராக்மா நாணயம் சுமார் 17 கிராம். லாரியோன் சுரங்கத்து வெள்ளி. அந்தச் சுரங்கத்தில் இருட்டில் மண்ணைத் தோண்டியவர்கள் அடிமைகள் என்பதையும் சொல்லிவிட வேண்டும். மத்தியதரைக் கடல் பக்கமெல்லாம் அந்த நாணயம் செல்லுபடியாயிற்று. ஜனங்கள் அதை 'ஆந்தை' என்றே அழைத்தார்கள். 'ஏதன்ஸுக்கு ஆந்தை கொண்டுபோவது' என்று ஒரு பழமொழியும் பிறந்தது. நாம் 'கொல்லன் தெருவில் ஊசி விற்கிறாயா?' என்போமே, அந்த மாதிரி. இன்றைக்கும் கிரேக்க நாட்டின் ஒரு யூரோ நாணயத்தில் அந்தப் பழைய ஆந்தையே இருக்கிறது.

இந்த வெள்ளி ஆந்தையைப் பற்றிப் புளூடார்க் சொல்கிற திருட்டுக் கதை ஒன்று உண்டு. ஏதன்ஸும் ஸ்பார்ட்டாவும் பல வருஷம் போரிட்டன. போரின் முடிவில் ஸ்பார்ட்டாவின் தளபதி லைஸாண்டர், கைப்பற்றிய பணத்தை மூட்டை மூட்டையாகக் கட்டி, கிலிப்பஸ் என்ற பெரிய வீரனிடம் கொடுத்து ஊருக்கு அனுப்பினான். சிசிலித் தீவில் ஏதன்ஸின் சேனையை முறியடித்த மகாவீரன் அவன். ஆனால் பணத்தைக் கண்டதும் சபலம். மூட்டைகளின் அடித் தையலைப் பிரித்து, கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துக்கொண்டு, மறுபடி தைத்துவிட்டான். ஒவ்வொரு மூட்டைக்குள்ளும் தொகை எழுதிய சீட்டு இருந்தது அவனுக்குத் தெரியாது. எடுத்த வெள்ளியைத் தன் வீட்டுக் கூரை ஓட்டுக்கு அடியில் ஒளித்தான். சீட்டுக்கும் பணத்துக்கும் கணக்கு ஒத்துவராமல் அதிகாரிகள் விழித்தபோது அவனுடைய வேலையாள், எஜமானர் வீட்டு ஓட்டுக்கு அடியில் நிறைய ஆந்தைகள் தூங்குகின்றன என்று விடுகதைபோலச் சொன்னான். கிலிப்பஸ் ஊரைவிட்டு ஓடினான்.

சிராகூஸ் ராஜா அகதோக்ளிஸ் இன்னும் கெட்டிக்காரன். கி.மு. 310-இல் ஆப்பிரிக்கக் கரையில் இறங்கிக் கார்த்தேஜுடன் போருக்கு நின்றபோது, எதிரியின் சேனையைக் கண்டு அவன் வீரர்கள் கலங்கினார்கள். முன்கூட்டியே பிடித்து வைத்திருந்த ஆந்தைகளைப் பல இடங்களில் அவிழ்த்துவிட்டான். அவை வீரர்களின் கேடயங்களிலும் தலைக்கவசங்களிலும் போய் உட்கார்ந்தன. அதீனா வந்துவிட்டாள் என்று நினைத்து அவர்கள் தைரியமாகப் போரிட்டார்கள், ஜெயித்தார்கள். அதே பறவை ரோமாபுரியில் உட்கார்ந்திருந்தால் படை கலைந்திருக்கும்!

ஏதன்ஸின் ஆந்தைதான் ஆங்கிலக் குழந்தைகளின் கதைப் புத்தகங்களுக்குள் மூக்குக்கண்ணாடி மாட்டிக்கொண்டு நுழைந்தது என்று சொல்லலாம். எட்வர்டு லியர் 1871-இல் வெளியிட்ட புத்தகத்தில் ஆந்தையும் பூனையும் படகேறிப் போய்க் கல்யாணம் செய்துகொள்கின்றன. ஏ.ஏ. மில்ன் 1926-இல் எழுதிய 'வின்னி த பூ'வில் வரும் ஆந்தை, காட்டில் எல்லோரும் மகா பண்டிதர் என்று நம்புகிற பிரகிருதி. அதற்குத் தன் பெயரின் மூன்று எழுத்தைக்கூட வரிசையாக எழுதத் தெரியாது. எனக்குப் பிடித்தது பியாட்ரிக்ஸ் பாட்டர் 1903-இல் எழுதிய அணில் கதை. ஒரு தீவில் கொட்டைகள் பொறுக்க வருகிற அணில்கள், தீவுக்கு உடையவரான கிழ ஆந்தைக்குக் காணிக்கை கொண்டுவருகின்றன. என்ன காணிக்கை? எலி! ஒரு வாலுத்தன அணில் மட்டும் காணிக்கை தராமல் விடுகதை போட்டுக் கிழவரைச் சீண்டிக்கொண்டே இருக்கிறது. கடைசியில் கிழவர் ஒரே பாய்ச்சலில் அதைப் பிடித்துவிடுகிறார். வாலைப் பறிகொடுத்துத் தப்புகிறது. அந்த அம்மாள் பிராணிகளைக் கவனித்துப் பார்த்துப் படம் வரைந்தவர். அவருடைய ஆந்தை பிரசங்கம் செய்யாது, பசித்தால் பிடிக்கும்.

1997-இல் தொடங்கிய ஹாரி பாட்டர் கதைகளில் ஆந்தைகள் தபால்காரர்களாகிவிட்டன. குழந்தைகள் ஆந்தையை நேசிக்க ஆரம்பித்தால் நல்லதுதானே என்று தோன்றும். 2010-இல் அப்போதைய சுற்றுச்சூழல் மந்திரி ஜெய்ராம் ரமேஷ், இந்தக் கதைகளைப் படித்துவிட்டு நகரத்துக் குடும்பங்கள் பிள்ளைகளுக்கு ஆந்தை வாங்கிக் கொடுக்க ஆசைப்படுவதாகக் கவலைப்பட்டார். ஆனால் அதே சமயம் டிராஃபிக் என்ற வனவிலங்கு வியாபாரக் கண்காணிப்பு அமைப்பு வெளியிட்ட அறிக்கை காட்டிய காரணம் வேறு. இந்தியாவில் ஆந்தைகளைப் பிடித்து விற்பது பெரும்பாலும் மாந்திரீகத்துக்காக. தீபாவளிச் சமயத்தில் அந்த வியாபாரம் சூடுபிடிக்கிறது. 1972-ஆம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி இது குற்றம்.

ஏன் தீபாவளி? வடக்கே அது லட்சுமி பூஜை நாள். வங்காளத்தில் லட்சுமியின் வாகனம் வெள்ளை ஆந்தை. நெற்களஞ்சியத்தில் எலி பிடிக்கிற பறவை தானிய லட்சுமிக்கு வாகனமாவதில் என்ன ஆச்சரியம்? கவிதையும் விவசாயமும் சேர்ந்து கண்டுபிடித்த உறவு அது. அவள் வருகிற இரவில், அவள் தங்க வேண்டும் என்பதற்காக, அவள் ஏறி வரும் வாகனத்தின் கழுத்தை அறுக்கிறார்கள். எங்கள் ஊரில் கல்லால் அடித்தோம். அங்கே மந்திரம் சொல்லிக் கொல்கிறார்கள்.

காக்கையின் சாட்சியத்தில் ஒரு பொய்யும் உண்டு. ஆந்தைக்குப் பகலில் கண் தெரியாது என்பது. தெரியும். கூட்டம் கூடிவிடுமே என்றுதான் ஒளிந்திருக்கிறது. அதன் கண்கள் குழாய்போல மண்டையோட்டில் பதிந்தவை. நம்மைப்போல் விழியைச் சுழற்ற முடியாது. அதனால்தான் கழுத்தையே சுழற்றுகிறது. மனிதனுக்குக் கழுத்தில் ஏழு எலும்பு, ஆந்தைக்குப் பதினான்கு. நம்மைப் பயமுறுத்தும் அந்த வெற்றிலை முகம் உண்மையில் ஒரு காது. வட்டமான இறகு வரிசைகள் ஓசையைக் குவித்து உள்ளே அனுப்புகின்றன. கூகையின் இரண்டு காதுத் துளைகளும் ஒரே மட்டத்தில் இல்லை. ஒன்று மேலே, ஒன்று கீழே. எலி எந்தத் திசையில், எவ்வளவு தாழ்வில் இருக்கிறது என்று கணக்கிட அதுவே உதவுகிறது. ரோஜர் பெய்ன் என்ற அமெரிக்கர், பின்னாளில் திமிங்கிலத்தின் பாட்டைப் பதிவு செய்து புகழ் பெற்றவர், அதற்கு முன் கூகையை ஆராய்ந்தார். துளி வெளிச்சமும் இல்லாத அறையில் சருகைப் பரப்பி எலியை விட்டார். கூகை தப்பாமல் பிடித்தது. எலிக்குப் பதில் ஒரு காகித உருண்டையைச் சருகில் இழுத்தாலும் பாய்ந்தது. கண்ணும் மூக்கும் இல்லை, காதுதான் என்று நிச்சயமாயிற்று. காக்கை சபையில் குற்றம் சொன்ன முகம், எலியின் காலடியைக் கேட்பதற்காக அப்படி அமைந்த முகம்.

நம்மவர்களில் ஒரு புலவர் இந்தப் பறவையை நிதானமாகப் பார்த்திருக்கிறார். நற்றிணையின் 83-ஆவது பாட்டு, பாடியவர் பெருந்தேவனார். ஊர்த் துறையோரத்தில் தெய்வம் குடியிருக்கிற முதிய மரம். அதில் ஒரு கூகை. தலைவனை இரவில் எதிர்பார்த்துக் காத்திருக்கிற தலைவிக்காகத் தோழி அந்தக் கூகையிடம் பேசுகிறாள். வளைந்த அலகையும் தெளிந்த கண்ணையும் கூரிய நகத்தையும் சொல்லி அழைத்து, ஆட்டிறைச்சியோடு நெய்ச்சோறும், கூடவே எலிச் சூடும் தருகிறோம், எல்லோரும் விழித்துக்கொள்ளும்படி குரல் கொடுக்காதே என்று கேட்டுக்கொள்கிறாள். சாவைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. தூங்குகிறவர்கள் எழுந்துவிடுவார்களே என்ற ஒரே பயந்தான். புறநானூற்றில் சுடுகாட்டுக் கூகை வருகிறது. அதைப் பாடிய ஒருவருக்குக் கூகைக்கோழியார் என்றே பெயர் நின்றுவிட்டது. ஆனால் அதை அண்டைவீட்டுக்காரரைப்போல உட்கார்த்தி, என்ன சாப்பிடும் என்று தெரிந்து லஞ்சம் கொடுக்கப் பார்த்தவள் இந்தத் தோழி. பாட்டர் அம்மாளின் அணில்கள் கொண்டுபோன எலியும் இவள் தருவதாகச் சொன்ன எலியும் ஒன்றுதான்.

இந்தக் காலத்தில் அப்படி ஓர் ஒப்பந்தம் நிஜமாகவே நடந்திருக்கிறது. இஸ்ரேலில் 1980-களிலிருந்து, வயலில் எலி விஷம் வைப்பதற்குப் பதிலாகக் கம்பங்களில் மரப்பெட்டிகளை மாட்டிக் கூகைகளைக் குடிவைத்தார்கள். கூகைக்கு எல்லைக்கோடு தெரியாதே! 2002-இல் ஜோர்டான் நாட்டவரும் பாலஸ்தீனரும் இதில் சேர்ந்தார்கள். அரபு தேசங்களிலும் ஆந்தை அபசகுனந்தான். கொலையுண்டவனின் ஆவி ஆந்தையாகி, பழிவாங்கும்வரை தாகத்தோடு கத்தும் என்று பழைய அரபிகள் நம்பினார்கள். நபிகள் நாயகம் அது பொய் என்று சொன்ன பிறகும் பயம் முழுக்கப் போகவில்லை. பெட்டி வைத்தவர்கள் முதலில் குடியானவர்களின் பயத்தோடு மல்லுக்கு நிற்க வேண்டியிருந்தது. வரப்பில் நின்று, பெட்டிக்கு அடியில் விழுந்து கிடக்கும் உருண்டைகளைப் பிரித்துக் காட்டினால் சண்டை பாதி தீர்ந்துவிடும். கூகை எலியை முழுசாக விழுங்கி, எலும்பையும் ரோமத்தையும் உருண்டையாக்கி வெளியே துப்பிவிடுகிறது. ஓர் உருண்டையில் இரண்டு மூன்று எலி மண்டைகூட இருக்கும்.

சென்ற தை மாதம் ஊருக்குப் போயிருந்தேன். கும்பாபிஷேகம் ஆகிக் கோபுரம் பளபளவென்றிருக்கிறது. மாடங்களில் பறவை அடையாமல் வலை கட்டியிருக்கிறார்கள். ஒரு காரியமாக மடைப்பள்ளிப் பக்கம் போனேன். அரிசி மூட்டை ஓரமாகப் பொறி வைத்திருந்தார்கள். "கூகை எங்கே போயிற்று?" என்று காவற்காரரைக் கேட்டேன். "குளத்தங்கரை மருத மரத்துக்குப் போயிடுச்சுங்க" என்றார், "அதை ஏன் ராத்திரி நேரத்துல கேக்கறீங்க?" என்றும் சேர்த்துக்கொண்டார்.

அன்றைக்குத் திண்ணையில் படுத்திருந்தேன். குழந்தைகளை எண்ணிப் பார்க்கப் பாட்டி இல்லை. நள்ளிரவுக்குமேல் மருத மரத்துப் பக்கமிருந்து ஒரு தரம் கிறீச்சிட்டது. இரண்டாவது தரம் கத்துகிறதா என்று வெகுநேரம் கேட்டுக்கொண்டே கிடந்தேன்.